பக்கத்து முளை

சிநேகிதின்னெல்லாம் சொல்லாதீங்கண்ணே. யாரு சொன்னா உங்களுக்கு? அவ எனக்குப் பக்கத்து முளை. அவ்வளவுதான். என்னக் கட்டிப் போடுற முளை இங்க, அவளக் கட்டிப் போடுற முளை அங்க, நடுவுல ஒரு தண்ணித் தொட்டி. ஆறு வருசமா இதுதான் எங்களுக்குள்ள உறவு.

நீங்க கல்யாணக் குதிரை. மாப்பிள்ள வந்து ஏறுற வரைக்கும் உங்களுக்கு வேலையில்ல. எனக்கும் இன்னிக்கு லோடு இல்ல. பேண்டு செட்டுக்காரங்க இன்னும் பந்தியில இருக்காங்க, எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். கேட்டீங்க, அதனால சொல்றேன். மெதுவாத்தான் சொல்லணும். அந்தா படுத்துக் கெடக்கா பாருங்க, கறுப்பா, எடது கொம்பு மட்டும் கீழ பாத்து வளஞ்சு. பாத்தா தூங்குற மாதிரி இருக்கும். கண்ணுதான் தூங்கும். காது தூங்காது.

நான் கழுத, அவ எரும. தனியாப் பேரு வச்சுக் கூப்பிடுற வழக்கம் இந்தத் தெருவுல இல்ல, அதுக்கு அவசியமும் இல்ல. எங்க பேரத்தான் தெருவே சொல்லிக்கிட்டு இருக்கே. நீங்க வந்து ரெண்டு மணி நேரந்தான் ஆகுது, அதுக்குள்ள எத்தன தடவ கேட்டிருப்பீங்க? மனுசங்க தங்களுக்கு வேண்டியவங்கள எல்லாம் எங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. பெத்த பிள்ளைய, கட்டுன புருசன, கூட வேல செய்றவன. வேத்தாள யாராச்சும் கழுதன்னு கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா? மாட்டாங்க. "வாங்க, உக்காருங்க"ன்னு தள்ளியே வச்சுப் பேசுவாங்க. சொந்தம்னு வந்துட்டாத்தான் கழுத, எருமையெல்லாம்.

குதிரைன்னு யாரும் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. கோச்சுக்காதீங்க, உள்ளதச் சொன்னேன்.

இந்தப் பெருமையிலதான் எங்களுக்குள்ள போட்டியே வந்துச்சு. ஒரு நா காலையில தவமணி தன் புருசன எழுப்புனா. தவமணிதான் எருமைக்காரி, இந்தா இந்தப் பச்சக் கதவு வீடு. புருசன் பேரு கோட்டைச்சாமி. ஆட்டோ வச்சிருக்கான். பாதி நாள் ஆட்டோவும் வீட்லதான் நிக்கும், அவனும் வீட்லதான் கெடப்பான். "எரும மாடு, மணி எட்டாச்சு, எந்திரி"ன்னு உள்ளருந்து ஒரு சத்தம். இவ தலையத் தூக்கி "ஒண்ணு"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. கொஞ்ச நேரங் கழிச்சு மறுபடியும் உள்ளருந்து, "எரும, சாணிய அள்ளுனியா இல்லையா?" இவ "ரெண்டு"ன்னா. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, இவ எத எண்ணுறான்னு.

நான் மட்டும் சும்மா இருப்பனா? எதித்த வீட்டு ரெஜினா டீச்சர் டியூசன் எடுப்பாங்க. அன்னிக்குன்னு பாத்து, "கழுதைகளா, நேத்து சொன்னது இன்னிக்கு மறந்துபோச்சா"ன்னு கேட்டாங்க. நான் உடனே "பதினாலு"ன்னேன். பொய்யில்ல. வாசல்ல கெடந்த செருப்ப எண்ணிப் பாத்துட்டுத்தான் சொன்னேன். உள்ள பதினாலு பேரு. இவ மென்னுகிட்டே இருந்தா. மறுநா சாயங்காலம் வரைக்கும் மென்னுட்டு, "ஒரு வாயில வந்தா ஒண்ணுதான்"ன்னா.

அதான் அவ. எதக் கேட்டாலும் பதில் மறுநாத்தான் வரும். அசை போட்டு முடிக்கணும்ல.

இன்னொரு நா ஒரு அம்மா தன் மகளப் பாத்து, "ஏழு கழுத வயசாச்சு, இன்னும் ஒரு ரசம் வைக்கத் தெரியல"ன்னாங்க. ஏழுண்ணே. வாயால எண்ணிக் குடுத்தாங்க. இத எப்படி ஒண்ணும்பீங்க? இவ ஒண்ணுன்னுட்டா. மூணு நா நாங்க பேசிக்கல. பேசிக்கலைன்னா, நான் பேசல. அவ பேசாம இருந்தது கோவத்துலயா, அசை போட்டுக்கிட்டு இருந்தாளான்னு இன்னி வரைக்கும் தெரியாது.

பலசரக்குக் கடையில என் இனத்துப் படம் ஒண்ணு மாட்டியிருக்காங்க. கண்ணாடி போட்டு, கீழ "என்னைப் பார் யோகம் வரும்"னு எழுதி, தினமும் பத்தி கொளுத்துவாங்க. என் சின்னம்மா சாடை. அதச் சொன்னதுக்கு இவ ரெண்டு நா கழிச்சு, "படம் பேசாது"ன்னா. சரி, போ. அதையும் விட்டுக் குடுத்தேன். இப்படி விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துத்தான் நான் இப்படித் தேஞ்சு போயிருக்கேன்.

கடைசியா ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவங்கவங்க கணக்க அவங்கவங்க எண்ணிக்கணும். வெயில் தாழ்ந்ததும் சொல்லணும். யாருக்கு அதிகமோ அவ தொட்டியில மொதல்ல வாய் வைக்கணும். ஆறு வருசம்ணே. நான் செங்கல் சுமக்குறவ. எங்க ஆளு சடையாண்டி, வண்டி போகாத சந்துக்கெல்லாம் என் முதுகுலதான் செங்கலும் மணலும் கொண்டு போவாரு. அந்த அலுப்பு ஒரு அலுப்பே இல்ல. வீட்டுக்கு வந்து இவளோட கணக்குப் பாக்குறதுதான் அலுப்பு.

இப்ப நடந்ததுக்கு வாறேன்.

போன மாசம் தவமணி, தங்கச்சிக்குப் பிரசவம்னு ஊருக்குப் போனா. பத்து நா. போகும்போது புருசன்கிட்ட, "எரும, என் எருமைக்கு நேரத்துக்குத் தண்ணி காட்டு"ன்னுட்டுப் போனா. ஒரே மூச்சுல ரெண்டு. இவ அன்னிக்கு நடந்த நடையப் பாக்கணுமே.

தவமணி போய் மூணாம் நா கோட்டைச்சாமி ஒரு தரகரக் கூட்டிட்டு வந்தான். காலையில சாணி அள்ளுனது அவனுக்கு ஆகல. இடுப்பப் புடிச்சுக்கிட்டே தரகர்கிட்டச் சொன்னான், "இந்த வீட்டுக்கு ஒரு எரும போதும்ணே." பொறாம. வேற என்ன? பொண்டாட்டி தன்னையும் எருமைங்குறா, இவளையும் எருமைங்குறா. ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா எந்த ஆம்பளைக்குப் பொறுக்கும்?

ரெண்டு பேரும் இந்தத் தொட்டிகிட்டத்தான் உக்காந்தாங்க. துண்ட கைமேல போட்டு மூடிக்கிட்டு விரலப் புடிச்சு வெலை பேசுனாங்க. துண்டுக்குள்ள என்ன நடந்துச்சோ எனக்குத் தெரியாது. வெளிய கேட்டது மட்டுந்தான் எனக்குத் தெரியும். நல்ல எருமைங்கிறான் ஒருத்தன். எருமைக்கு எத்தன பல்லுங்கிறான் இன்னொருத்தன். எரும உதைக்குமா, எரும முட்டுமா, எரும எத்தன ஈத்து? எரும, எரும, எரும. இவ என்னப் பாத்துக்கிட்டே எண்ணுறா. ஏழு. எட்டு. ஒம்போது. எனக்கு அன்னிக்கு அதுவரைக்கும் ரெண்டுதான். பதினொண்ணுன்னு சொல்லும்போது எனக்கு அடிவயித்துலருந்து வந்துச்சு. கத்திட்டேன். நல்லா, முழுசா, மூச்சு தீர்ற வரைக்கும்.

அங்கதான் தப்பு. இந்த ஊருல என் சத்தத்துக்கு ஒரு மரியாத உண்டு. நல்ல காரியம் பேசும்போது கழுத கத்துனா காரியம் ஜெயம்பாங்க. நான் கத்துனதக் கேட்டு வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தவங்க உண்டு, பொண்ணுக்குப் பூ வச்சவங்க உண்டு. தரகர் அதுவரைக்கும் இழுத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் கத்துனதும் துண்ட உதறிட்டு எந்திரிச்சாரு. "சகுனமே சொல்லிருச்சு. முடிச்சுக்குவோம்."

முடிச்சுட்டாங்க. வித்த மாட்டோட பழைய கயித்தக் குடுத்துவிட மாட்டாங்க, அது வழக்கம். தரகர் புதுக் கயிறு கட்டுனாரு. கோட்டைச்சாமி பழைய கயித்த அவுத்து முளையிலயே மாட்டிட்டான். நெத்தியில குங்குமம் வச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. எனக்கு அப்பவும் வயித்தெரிச்சல்தான். குங்குமமெல்லாம் வைக்கிறாங்களேன்னு. தெருமுக்கு வரைக்கும் போனவ அங்க நின்னா. நின்னு திரும்பிப் பாத்து, "நீ ஏன் கத்துன?"ன்னு கேட்டா.

அப்பவே கேட்டா. மறுநா வரைக்கும் மெல்லல. அதுதான் என்னமோ மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் வெயில் தாழ்ந்துச்சு. எனக்கு அன்னிக்கு மொத்தம் நாலு. சொல்றதுக்குத் திரும்புனேன். முளைதான் இருந்துச்சு, கயிறுதான் தொங்குச்சு. நான்தான் மொதல்ல தண்ணி குடிக்கலாம். யாரும் போட்டி இல்ல. குடிக்கல. தாகமில்ல. வருத்தமெல்லாம் இல்லண்ணே, தாகமில்ல. அப்புறம் புல்லும் எறங்கல. அது வேற, தொண்ட கட்டு. கயித்த மோந்து பாத்தேன்னு சடையாண்டி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. ஈ இருக்கான்னு பாத்தேன்.

சரி, உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும். நான் கத்தாம இருந்திருந்தா அவ போயிருக்க மாட்டா. அதத்தான் ராத்திரி பகலா நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் வாயிதான் அவளக் கொண்டு போயிருச்சு. இனிமே இந்த வாயத் தொறக்குறதில்லன்னு முடிவு பண்ணுனேன். எத்தன வருசமானாலும் சரி, செத்தாலும் இல்லன்னு.

தவமணி வந்தா. பைய வாசல்ல வச்சா, முளையப் பாத்தா, கயித்தப் பாத்தா, புருசனப் பாத்தா. அன்னிக்கு நடந்தத நீங்க கேட்டிருக்கணும்ணே. "எரும, எரும மாடு, எங்கடா என் எருமைய? அடேய் எரும, உன்னைய வித்துட்டு அத வச்சிருந்திருக்கணும்டா." நான் எண்ணுனேன். இருபத்தேழு. ஒரே நாள்ல இருபத்தேழு. ஆறு வருசத்துல அவளுக்கு இப்படி ஒரு நாள் அமஞ்சதில்ல. அதக் கேக்க அவ இல்ல. பாவமா இருந்துச்சு. இருபத்தேழுன்னு மனசுல வச்சுக்கிட்டேன், என்னைக்காவது சொல்லலாம்னு.

எருமையோட வந்தாத்தான் வீட்டுக்குள்ள காலு வைக்கணும்னு தவமணி சொல்லிட்டா. கோட்டைச்சாமி தரகரத் தேடிப் புடிச்சு, வாங்குனவங்க ஊர விசாரிச்சு, எல்லாத்துக்கும் பதினோரு நாளாச்சு. தாராபுரத்துக்கு அங்கிட்டு ஒரு தோட்டம். ராக்கியப்பன்னு ஒருத்தர். போன் போட்டுப் பேசுனா, அவரு நல்ல மனுசன், குடுக்குறதுக்கு ஆட்சேபனையில்லீங்கன்னாரு. ஆனா அவரு சம்சாரம் பொன்னாத்தா ஒத்துக்கல. வெள்ளிக்கெழம வீட்டுக்குள்ள வந்த லட்சுமிய நாமளே வெளிய அனுப்புனா குடும்பத்துக்கு ஆகாதுங்கன்னு சொல்லிட்டாங்க. ஏதாச்சும் ஒரு நல்ல சகுனம் வந்து போகச் சொன்னாத்தான் அனுப்புவாங்களாம்.

சகுனம்னதும் தவமணி நேரா எங்க சடையாண்டிகிட்ட வந்தா. "அண்ணே, உங்க கழுத கத்தித்தான வித்துச்சு? அதையே கூட்டிட்டு வாங்க. அங்க வந்து கத்தட்டும்." சடையாண்டி தலையச் சொறிஞ்சாரு. நான் அப்ப கத்தி பதினெட்டு நா ஆயிருந்துச்சு. அத அவரு கவனிக்கல. என்னத்தத்தான் கவனிச்சாரு.

என்னைய குட்டி யானையில ஏத்துனாங்க. யானையெல்லாம் இல்லண்ணே, சின்ன லாரி, அதுக்குப் பேரு குட்டி யானை. ரோடு பூரா குட்டி யானை, குட்டி யானைன்னுதான் சொல்லிட்டு வந்தாங்க. யானைக்கு இப்படி ஊர் ஊரா விழுது, நாங்க ரெண்டு பேரும் தெருவுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம். அன்னிக்குத்தான் எனக்கு மனசே விட்டுப் போச்சு.

அந்தத் தோட்டத்து வாசல்ல எறங்குனதும் பாத்தேன். கட்டுத்தறியில நிக்கிறா. எலும்பு தெரியுது. இவளுக்கு எலும்பு இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். மூக்குக்கு நேரா தொட்டி நெறைய தண்ணி, பக்கத்துல பருத்திக்கொட்ட, புண்ணாக்கு, பச்சப் பசேல்னு சோளத்தட்ட. எதையும் தொடல. தல தொங்கிப் போச்சு. எனக்குத் தொண்டைய அடைச்சுச்சு. அந்தத் தொண்ட கட்டுதான், இன்னும் சரியாகல.

ராக்கியப்பன் வீட்ல மோர் குடுத்து உபசாரம் பண்ணுனாங்க. எனக்கும் ஒரு வாளித் தண்ணி வச்சு, "குடிங்க"ன்னாரு. என்னையண்ணே. நான் திரும்பிப் பாத்தேன், பின்னாடி யாரும் நிக்கிறாங்களான்னு.

"ஏனுங்க, நாங்களும் ஒண்ணும் கொற வெக்கிலீங்க," அப்படின்னாரு கோட்டைச்சாமிகிட்ட. "லச்சுமி, லச்சுமின்னு பிரியமாத்தான் கூப்புடறோம். தண்ணி வெச்சாலும் செரியாக் குடிக்கறதில்ல, தீனி வெச்சாலும் பாக்கறதில்ல. டாக்டரக் கூட்டியாந்து பாத்தாச்சுங்க. ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்கறாரு. இப்புடியே உட்டா தாங்காதுங்க."

பொன்னாத்தா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. "எம்பட வீட்டுல ஒரு உசுரு பசியோட நிக்கறது எனக்கு மட்டும் நல்லா இருக்குதுங்களா? ஒரு சகுனம் வரட்டும். நானே கயித்த அவுத்துக் குடுக்கறேன்."

எல்லாரும் என்னப் பாத்தாங்க. நான் தரையப் பாத்தேன்.

நான் கத்த மாட்டேன். ஒரு தடவ கத்துனதுக்கே அவ இம்புட்டுத் தூரம் வந்துட்டா. இன்னொரு தடவ கத்துனா எங்க கொண்டு போவாங்களோ. இவங்க என்ன பேசுறாங்க, யாரு யாருக்கு விக்கிறாங்க, எனக்கென்ன தெரியும்? நான் கத்துனா அவ போயிருவா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். வாய இறுக்கி மூடிக்கிட்டேன்.

சடையாண்டி தட்டிக் குடுத்தாரு. காத முறுக்குனாரு. அவரே ஒரு தடவ கத்திக் காட்டுனாரு, பரவாயில்லாமத்தான் கத்துனாரு. கோட்டைச்சாமி அந்தத் தோட்டத்து வீட்டுக் காலண்டர்ல ரெண்டு தாளக் கிழிச்சு என் வாயில வச்சான். தின்னேன். கத்தல. தவமணி வந்து என் முன்னாடி நின்னு, "தாயி, ஒரே ஒரு தடவ"ன்னா. அவ குரல் ஒடஞ்சு போச்சு. அப்பவும் கத்தல. அந்த எருமைக்காகத்தான கத்தாம நிக்கிறேன், அது இவங்களுக்கு எங்க புரியப் போகுது.

ராகு காலம் வரப் போகுதுங்கன்னு பொன்னாத்தா சொன்னாங்க. அதுக்குள்ள வந்தா வரட்டும், இல்லீன்னா இன்னொரு நாளைக்குப் பாக்கலாமுங்கன்னாரு ராக்கியப்பன். இன்னொரு நாளைக்கு இவ தாங்குவாளா? வண்டிக்காரன் எந்திரிச்சு வேட்டியத் தட்டுனான். தவமணி எருமையோட கழுத்தக் கட்டிக்கிட்டு நின்னா.

அப்பத்தான் இவ மெதுவாத் தலையத் திருப்பி என்னப் பாத்தா.

"நாப்பத்தொண்ணு."

"என்ன நாப்பத்தொண்ணு?"

"எம்பேரு. இன்னிக்கு மட்டும். இந்த வீட்ல."

"பொய்யி."

"உனக்கு எத்தன?"

எனக்கு அன்னிக்கு ஒண்ணுகூட இல்ல. வண்டியிலயே வந்தேன், வந்த எடத்துல குடிங்க, வாங்கங்குறாங்க. என்னத்தச் சொல்ல?

"அப்ப நாந்தான்," அப்படின்னுட்டுக் கண்ண மூடிக்கிட்டா. மத்த நாள்ல ஒரு வார்த்தைக்கு ஒரு ராத்திரி மெல்லுவா. அன்னிக்கு மட்டும் என்னமோ பதில் டக்கு டக்குன்னு வந்துச்சு.

எனக்கு எங்கருந்துதான் கோவம் வந்துச்சோ. பதினெட்டு நா நான் புல்லு திங்கல, தண்ணி குடிக்கல, தொண்ட கட்டிக் கெடக்குறேன், இவ இங்க வந்து நாப்பத்தொண்ணு வாங்கிட்டு நிக்கிறா. இருபத்தேழ மனசுல வச்சுக்கிட்டு நான் இவளுக்காகப் பாவப்பட்டுக்கிட்டு இருக்கேன். சபதமாவது ஒண்ணாவது. தலையத் தூக்குனேன். பதினெட்டு நாச் சத்தமும் சேந்து வந்துச்சு. தென்னையில இருந்த காக்கா எல்லாம் பறந்துருச்சு.

பொன்னாத்தா கையெடுத்துக் கும்புட்டாங்க. "சாமி உத்தரவு குடுத்துருச்சுங்க." அவங்களே போய்க் கயித்த அவுத்தாங்க.

அப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. நாங்க கொண்டு போன பழைய கயித்தக் கட்டி, இவளையும் அதே குட்டி யானையில ஏத்துனாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு வந்தோம். எடமில்ல, அதான்.

வழியில இவ கேட்டா, "லச்சுமின்னா யாரு?"

எனக்கெப்படித் தெரியும்? ஏன்னு கேட்டேன். பாதி தூரம் மென்னுட்டுச் சொன்னா. அந்த வீட்ல காலையில எந்திரிச்சதுலருந்து யாரோ லச்சுமின்னு ஒருத்தியக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம். லச்சுமி, தண்ணி குடிங்க கண்ணு. லச்சுமி, சாப்புடுங்க கண்ணு. வச்சதெல்லாம் அந்த லச்சுமிக்குத்தான. அடுத்தவ தீனியில எப்படி வாய் வைக்கிறதுன்னு இவ ஒதுங்கியே நின்னாளாம். அவ வந்து தின்னுட்டு மிச்சம் வச்சாப் பாத்துக்கலாம்னு. பதினெட்டு நா அந்த லச்சுமி வரவேயில்ல.

"அப்ப உன் பேர?"ன்னேன்.

"ஒருத்தரும் சொல்லல," அப்படின்னா. "அவங்க வீட்டுக்காரரக்கூட அந்தம்மா 'ஏனுங்க'ன்னுதான் கூப்பிட்டாங்க. எருமைன்னு ஒரு வார்த்த அந்த ஊருல இல்ல. நமக்கு வேண்டியவங்க யாரும் அங்க இல்லன்னு தெரிஞ்சு போச்சு."

பாத்தீங்களாண்ணே? நாப்பத்தொண்ணுன்னு சொன்னாளே, அது பூரா பொய்யி. ஒண்ணுகூட இல்ல. பொய்க்காரி. நல்லா மாட்டுனா. மானம் போகக் கூடாதேன்னு அடிச்சு விட்டிருக்கா, அத நம்பி நான் பாட்டுக்கு அம்புட்டு சத்தம் போட்டு, அதுல போய் அவளுக்கு வீடு கெடச்சு! அவளுக்காக நான் கத்தல. அத நீங்க போற எடத்துல யார்கிட்டயும் மாத்திச் சொல்லிராதீங்க.

அவ தெருமுக்குல நின்னு கேட்டாளே, அதுக்கு மட்டும் வண்டியில வச்சுப் பதில் சொன்னேன். "அன்னிக்குத் தெரியாமக் கத்திட்டேன்"ன்னேன். அவ மென்னா. மறுநா விடியக்காலம் "ம்"முன்னா.

அந்த மறுநாதான் வினையே. தவமணிக்குப் புருசன் மேல அம்புட்டுப் பிரியம். எருமையக் கொண்டு வந்துட்டான்ல. காலையில "என்னங்க, காப்பி"ன்னா. அப்புறம் "என்னங்க, தோச வைக்கவா?" கோட்டைச்சாமிக்கே ஒண்ணும் புரியல, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு விருந்தாளி மாதிரி உக்காந்திருந்தான். இவ விடிஞ்சதுலருந்து காதத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறா. கதவு தொறக்கும், காத நிமித்துவா. "என்னங்க"ம்பா தவமணி. காது தொங்கிரும். எட்டு மணி ஆச்சு. பத்து ஆச்சு. தீனி வச்சாங்க, மோந்து பாத்துட்டு என்கிட்டக் கேக்குறா, "இங்கயும் லச்சுமி வந்துட்டாளா?"

ரெஜினா டீச்சர் வீட்ல அன்னிக்கு எனக்கு மழையாக் கொட்டுச்சு. கழுத, கையெழுத்தப் பாரு. கழுத, பென்சில் எங்க. நான் எண்ணுனேன், சந்தோசமே இல்ல. செயிக்கிறதுன்னா பக்கத்து முளையில தோக்குறதுக்கு ஒரு ஆளு நிக்கணும்ல. இவ நிக்கிற மாதிரியே இல்ல. உருகிக்கிட்டு இருந்தா.

கொடியில கோட்டைச்சாமியோட வெள்ள வேட்டி காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் மூஞ்சியில ஈ. ஈண்ணே. கொடியில மூஞ்சியத் தேச்சேன், வேட்டி விழுந்துருச்சு. விழுந்தது சாணிக்குப் பக்கத்துல. தடுக்கி விடுமேன்னு காலால கொஞ்சம் நவுத்துனேன், அது சரியா சாணி மேல போயிருச்சு. அவ்வளவுதான் நான் செஞ்சது. ரெண்டு மிதி மிதிச்சேன், அதுவும் ஈக்குத்தான்.

தவமணி வெளிய வந்தா. வேட்டியப் பாத்தா. சாணியப் பாத்தா. உள்ள திரும்பி, தெருவே அதிர்ற மாதிரி ஒரு சத்தம் குடுத்தா.

"ஏ எரும மாடு! கிளிப்பு போட்டுக் காயப் போடத் தெரியாது?"

இவ தல அப்படியே மேல வந்துச்சு. காது ரெண்டும் வெரச்சு நின்னுச்சு. தொட்டியில வாய வச்சு உறிஞ்சுனா பாருங்க, பாதித் தொட்டி காலி. அப்புறம் வைக்கோல இழுத்தா. வாய் நெறைய மென்னுகிட்டே என்னப் பாத்து, "ஒண்ணு"ன்னா.

அப்புறம், "உனக்கு எத்தன?"ன்னு கேட்டா.

ஆறுண்ணே. காலையிலருந்து ஆறு.

"எனக்கும் ஒண்ணுதான்"ன்னேன்.